கதவு வந்துவிட்டது... வீடு எங்கே?

செட்டிநாட்டுத் தூணும் ஆத்தங்குடித் தரையும் இன்றைய சொகுசு வீடுகளின் புது மோகம். அந்த வீடுகளின் அழகைக் கொண்டு வருகிறோம். அவை காப்பாற்றி வந்த ஒழுங்கு நம்மோடு வருகிறதா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசைகட்டி நிற்கும் அந்தத் தெருவில் காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. மினி லாரியின் பின்கதவு திறந்து கிடக்க, நான்கு பேர் கயிறு கட்டி ஒரு தேக்கு நிலையைத் தூக்கி வருகிறார்கள். மேல்சட்டத்தில் இரு பக்கமும் யானைகள் நீர் சொரிய, நடுவில் கஜலட்சுமி. அவள் முகம் மட்டும் மழுங்கியிருக்கிறது. வெள்ளிதோறும் மஞ்சளும் குங்குமமும் வைத்து வைத்துத் தேய்ந்த முகம்.

வாங்குபவர்கள் சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டுகிறார்கள். கணவர் கையில் அளவு டேப். மனைவி கையில் செல்போன். வீடியோ காலில் ஆர்க்கிடெக்ட். நிலையை அளந்ததும் சிக்கல் ஆரம்பிக்கிறது. புது வீட்டு முகப்பில் பீம் ஓடும் உயரத்துக்குள் இந்த நிலை அடங்காது. கீழே அரையடி அறுத்துவிடலாமா என்று கேட்கிறார் கணவர். லாரியருகே நின்ற வயதான ஆசாரி நிலையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார். "அறுக்க வேணாந் தம்பி. அங்க வீட்டு அளவ மாத்துங்க" என்கிறார்.

அரை மணி நேரம் பேசிய பிறகு வீட்டின் அளவு மாறியது. நிலை முழுசாக லாரி ஏறியது. பார்த்துக்கொண்டு நின்ற நமக்கும் நிம்மதி. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த நிலை எந்த ஊரில், யார் வீட்டு வாசலில் நின்றது?

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வசதியான வீடென்றால் பளபளக்கும் இத்தாலிய மார்பிள், அடுக்கடுக்கான ஃபால்ஸ் சீலிங், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. இப்போது காற்று திசை மாறி வீசுகிறது. தேக்குத் தூண், முற்றம், ஊஞ்சல், சுண்ணாம்புப் பூச்சு, சிவப்பு ஆக்சைடு தரை என்று டிசைனர்களின் பட்டியல் நம் பாட்டன் வீட்டை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஒரு காலத்தில் நடுத்தர வீடுகளில் போட்டு, பிறகு பழசு என்று பெயர்த்தெறிந்த மொசைக் தரைகூட 'டெராஸோ' என்ற பெயரில் நல்ல விலையோடு வந்து நிற்கிறது.

சொந்த மண்ணின் கைவேலை மீது மதிப்பு திரும்புவது மகிழ்ச்சிதான். அதே நேரத்தில் இந்த மோகத்துக்கு ஒரு விலை உண்டு. அதை ஊர்கள் கொடுக்கின்றன. புது வீட்டில் குடியேறுபவர்களும் சில வருடங்களில் கொடுக்கத் தொடங்குகிறார்கள்.

கடல் தாண்டிய காசு

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது செட்டிநாடு. நகரத்தார் எனப்படும் செட்டியார் குடும்பங்கள் 19-ம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலாயா என்று லேவாதேவிக்குப் போய், ஈட்டியதைச் சொந்த ஊரில் வீடாகக் கட்டின. பர்மாத் தேக்கும் இத்தாலிய மார்பிளும் ஐரோப்பியக் கண்ணாடியும் கப்பலேறி இந்த வறண்ட பூமிக்கு வந்தன. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடனுக்கு ஈடாக வந்த வயல்களில் பணம் முடங்கியது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. போருக்குப் பின் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. வீடுகள் நின்றன; அவற்றைக் கட்டிக்காத்த வருமானம் நின்றுபோனது.

┌─ பெட்டிச் செய்தி: ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் ─┐

• முன்பு 96 ஊர்கள் என்பது வழக்கு. இன்று 70-க்கும் மேற்பட்ட ஊர்கள். நகரத்தாரின் குலப்பிரிவுகளுக்கு 9 கோயில்கள்.

• பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1850-க்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல் கட்டப்பட்டது.

• முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுக்களைக் கட்டு என்று வீடு நீளவாக்கில் போகும். தலைவாசலில் நின்றால் கதவுகளின் ஊடாகப் பின்வாசல் தெரியும்.

• சுவர்ப் பூச்சில் சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேரும். பல கை பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

• 2014-ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

└──────────┘

ஒரு வீடு எழ, ஒரு வீடு சாய

செட்டிநாட்டு வீடு ஒருவருக்குச் சொந்தமில்லை. தாத்தாவின் மக்கள், அவர்களின் மக்கள் என்று பங்காளிகள் பெருகிக்கொண்டே போவார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில். கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் பொங்கலுக்கும் கதவு திறக்கும். மற்ற நாட்களில் பூட்டுத்தான். மேலே நான்கு ஓடு நழுவினால் ஏறி மாற்ற ஆள் இல்லை. ஒழுகிய தண்ணீர் கைமரத்தில் இறங்கும். சில மழைக்காலங்களில் கூரை உட்காரும். பிறகு பராமரிக்க ஆகும் செலவைப் பார்த்து மலைத்து, பிரித்து விற்றுவிடலாம் என்று பங்காளிகள் முடிவெடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது, ஐம்பது அறைகளைத் தூரத்தில் இருந்துகொண்டு காப்பாற்றுவது லேசான காரியமில்லை.

அந்த முடிவை விரைவுபடுத்துவது சந்தை. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் அரசு உருட்டு மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. புதிய பர்மாத் தேக்கு அரிதாக அரிதாக, நூறு வருடம் நின்று காய்ந்து முறுக்கேறிய பழைய தேக்குக்கு மதிப்பு ஏறியது. தூணும் உத்திரமும் தனித்தனியாக விலைபோகும்போது, நிற்கும் வீட்டைவிடப் பிரித்த வீடு லாபமாகத் தெரிகிறது.

இன்னொரு வழியும் கண்ணெதிரே இருக்கிறது. கொத்தமங்கலம் சாரதா விலாஸ், கானாடுகாத்தான் விசாலம் போன்ற வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறி, நின்ற இடத்திலேயே மூச்சு விடுகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா, ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து, முகப்பும் வளவும் அதனதன் இடத்தில் இருக்கும்படி மறுபடி நிறுத்தியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து வீடு என்றால் என்ன என்று கற்றுக்கொள்கிறார்கள்.

புது வீடு கட்டுகிறவரால் என்ன செய்ய முடியும்? பழைய தூண் வாங்குவதானால், ஏற்கெனவே விழுந்துவிட்ட வீட்டிலிருந்து வந்ததா என்று கேட்கலாம். கேட்கும் வாடிக்கையாளர் பத்துப் பேர் வந்தால் கடைக்காரரும் பதில் வைத்திருப்பார். அதைவிட நல்லது, புதிதாகச் செய்யச் சொல்வது. காரைக்குடிப் பக்கத்தில் இன்றும் உளி பிடிக்கும் ஆசாரிகள் இருக்கிறார்கள். பழைய நிலை ஒன்றை வாங்கினால் ஒரு வீட்டின் நினைவு மட்டும் வரும். புதிய நிலை ஒன்றைச் செதுக்கச் சொன்னால் ஒரு குடும்பத்துக்குப் பல மாத வேலை கிடைக்கும்; பக்கத்தில் நின்று பார்க்கும் பையனுக்குத் தொழில் கிடைக்கும்.

கண்ணாடி மேல் பிறக்கும் தரை

புதிதாகச் செய்யச் சொன்னால் கைத்தொழில் பிழைக்கும் என்பதற்குச் சாட்சி ஆத்தங்குடி. ஊருக்குள் நுழைந்தால் கொட்டகைக்குக் கொட்டகை டைல்ஸ் வேலை. இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் பூ வடிவ அச்சு. சிமென்ட்டில் கரைத்த சிவப்பு, மஞ்சள், பச்சைக் குழம்பைக் கரண்டியால் மொண்டு, ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஊற்றுகிறார் தொழிலாளி. அச்சை உருவி எடுத்ததும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டபடி, ஆனால் கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்ட்-மணல் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி அழுத்துகிறார். காய்ந்த கல் தண்ணீர்த் தொட்டிக்குள் நாட்கணக்கில் ஊறுகிறது. கடைசியில் கண்ணாடி தானாகக் கழன்றுவர, கண்ணாடியின் வழுவழுப்பை வாங்கிக்கொண்ட பூ வெளியே வருகிறது. அடுப்பு கிடையாது, சூளை கிடையாது. வெயிலும் தண்ணீரும் கையும்தான்.

இந்தக் கல்லுக்கு மறுபடி தேவை ஏற்பட்டதால் இந்தக் கை பிழைத்திருக்கிறது. மோகத்தின் நல்ல பக்கம் இது. ஆனால் வாங்கிப் போகிறவர்கள் பலரும் இதைச் சூளையில் சுட்ட டைல்ஸ் மாதிரி நினைத்து, பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிக் கழுவுகிறார்கள். சிமென்ட்டை ஆசிட் தின்றுவிடும். ஆறே மாதத்தில் நிறம் வெளுத்து, "ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஆத்தங்குடிக்காரர்கள் தலையில் பழி விழுகிறது.

┌─ பெட்டிச் செய்தி: ஆத்தங்குடித் தரை உங்களோடு வளர ─┐

• கல்லுக்குக் கல் நிறம் சற்று மாறும். கைவேலையின் இயல்பு அது. தேவைக்குமேல் கொஞ்சம் கூடுதலாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒத்துவராது.

• பெயின்ட், தச்சுவேலை எல்லாம் முடிந்தபின் பதியுங்கள். பதித்த தரைமேல் மற்ற வேலை நடந்தால் கறை நிச்சயம்.

• இயந்திரம் போட்டு பாலிஷ் செய்யக் கூடாது. நிறம் உள்ளது மேல் அடுக்கில் மட்டும்.

• தொடக்கத்தில் துளி தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது பழைய வழக்கம். பிறகு தினமும் வெறும் தண்ணீர் போதும். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

• ஆசிட், வினிகர், எலுமிச்சை வாசனை கொண்ட அமிலத் திரவங்கள் ஆகவே ஆகாது.

└──────────┘

இத்தாலிய மார்பிளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது சுண்ணாம்புச் சத்தில் உருவான கல். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் தயிரும் பட்ட இடத்தில் பளபளப்பு செத்து, மங்கலாக ஒரு வட்டம் விழும். மஞ்சள் உள்ளே இறங்கினால் எளிதில் போகாது. ரசமும் குழம்பும் கொதிக்கும் தமிழ்ச் சமையல்மேடையில் நம்மூர் கறுப்பு கிரானைட்டுக்கு நிகரில்லை. மார்பிள்மேல் ஆசை இருந்தால் வரவேற்பறையில் போட்டு மகிழுங்கள்.

முற்றமா, கண்ணாடிக் கூண்டா?

இன்று டிசைனர் காட்டும் படங்களில் தவறாமல் இருப்பது முற்றம். நடுவில் ஒரு செடி, ஓரத்தில் ஓர் உருளி, மேலே கண்ணாடிக் கூரை. படத்தில் அழகு கொள்ளை போகிறது. ஏப்ரல் மாதத்தில் அந்த வீட்டுக்குள் போய் நின்றால் உண்மை தெரிந்துவிடும்.

பழைய முற்றம் வேலை செய்த விதம் வேறு. அது திறந்த வாய். வீட்டுக்குள் சூடாகும் காற்று மேலெழுந்து அந்த வாய் வழியே வெளியேறும். வாசல், பின்வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். சுற்றியுள்ள தாழ்வாரத்தின் நிழல் சுவரை வெயிலிலிருந்து காக்கும். மழை விழுந்தால் சரிவான ஓடுகள் தண்ணீரை முற்றத்தில் கொட்டும். அண்டாவில் பிடித்ததுபோக மிச்சம் வடிகால் வழியே போகும். அந்த வாயைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டால் வெயில் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகாது. பிறகு அந்த வெப்பத்தை விரட்ட ஏசி ஓட வேண்டும்.

மூட வேண்டும் என்றால் பக்கவாட்டில் காற்றுப் போகும் இடைவெளி விட்டு, கண்ணாடியைச் சற்று உயர்த்திப் போடலாம். திருட்டுப் பயத்துக்குக் கம்பி வலை, கொசுவுக்கு நுண்வலை, தரையில் அகலமான வடிகால், அது போய்ச் சேர மழைநீர்த் தொட்டி. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் முற்றம் அந்தச் சட்டத்தை அழகாக நிறைவேற்றும் இடமாக இருக்கட்டும்.

மேற்குப் பக்கம் தரை முதல் கூரை வரை கண்ணாடி வைக்கும் ஆசையையும் இரண்டு முறை யோசியுங்கள். வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பாக இந்திய அரசு 2018-ல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா', நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் சுவர், சன்னல் வழியாக வீட்டுக்குள் ஏறும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த எண் எவ்வளவு வருகிறது என்று ஆர்க்கிடெக்ட்டிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கரன்ட் பில் கட்டப்போவதும் நீங்கள்தான்.

இரண்டு அடுக்களை, ஒரே வியர்வை

புதிய சொகுசு வீடுகளில் அடுக்களை இரண்டு. ஹாலைப் பார்த்தபடி, நடுவில் மேடை போட்ட 'டிரை கிச்சன்' ஒன்று. அதன் பின்னால் கதவு போட்ட 'வெட் கிச்சன்' இன்னொன்று. முன்னதில் காபி மெஷினும் பழக்கூடையும். பின்னதில் தாளிப்பு, மீன் கழுவல், கிரைண்டர்.

செட்டிநாட்டு வீடுகளும் அடுக்களையைப் பின்கட்டில்தான் வைத்தன. ஆனால் அந்தப் பின்கட்டில் வானம் தெரிந்தது. கிணற்றடி இருந்தது. உட்கார்ந்து காய் நறுக்கத் தாழ்வாரம் இருந்தது. இன்றைய வெட் கிச்சன் பல வீடுகளில் ஆறடிக்கு எட்டடி. ஒரு சின்ன சன்னல். மின்விசிறிகூட இருக்காது. அம்மாவோ சமையல் செய்ய வரும் அக்காவோ, யாரோ ஒருவர் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறார். கோடிகள் செலவழித்த வீட்டில், அதிக நேரம் வேலை நடக்கும் அறையே மிக மோசமான அறையாக இருப்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

பிளான் போடும் நாளிலேயே இதைச் சரிசெய்யலாம். நல்ல சன்னலைப் பின் அடுக்களைக்குக் கொடுங்கள். மேடை உயரத்தை அங்கே நிற்கப்போகிறவரின் முழங்கையை வைத்து முடிவு செய்யுங்கள். முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் டேபிள்டாப் கிரைண்டரை அலமாரிக்குள் வைத்து தினமும் தூக்கச் சொல்லாதீர்கள். அதற்கென்று மேடையில் ஒரு மூலையும் பிளக்கும் இருக்கட்டும். கீழ் அலமாரிகளில் தட்டுக்குப் பதிலாக இழுப்பறைகள் வைத்தால், குனிந்து கைவிட்டுத் துழாவும் வேலை மிச்சம்.

முதலில் எண்ணுங்கள், பிறகு அலமாரி

புது வீட்டின் உண்மையான பரீட்சை கிரகப்பிரவேசத்துக்கு அடுத்த வருடம் தொடங்குகிறது. வார்ட்ரோப் நிறைந்து, ஊஞ்சல்மேல் துணி மடிப்புக் காத்திருக்கும். கெஸ்ட் ரூம் கட்டில்மேல் அட்டைப்பெட்டிகள் ஏறும். இடம் போதாமல் இப்படி ஆவதில்லை. என்ன பொருள், எத்தனை, யார் எப்போது எடுப்பார் என்று கேட்காமலே அலமாரி அடித்துவிட்டார்கள்.

செட்டிநாட்டு வீடு இந்தக் கேள்விகளுக்குச் சுவரிலேயே பதில் எழுதிவைத்தது. மணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு 'புள்ளி'. 'வேறு வைத்தல்' முடிந்தால் அந்தப் புள்ளிக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. அதற்குள்ளே இன்னோர் அறை. மருமகள் கொண்டுவந்த சீர் சாமான்கள் அந்த உள்ளறையில் இருக்கும். பித்தளை, எவர்சில்வர், பீங்கான், தடுக்கு, கொட்டான் எல்லாம் எண்ணிக்கையோடு பட்டியலில் இருக்கும். பாத்திரங்களில் குடும்பத்தின் விலாசம், அதாவது பெயர்களின் முதலெழுத்துகள், வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு எடுத்துப் புழங்கிய தூக்குச்சட்டி கழுவிக் காய்ந்து அதன் அறைக்கே திரும்பும். கணக்கு எழுதியே உலகம் சுற்றிய சமூகம் வீட்டையும் கணக்காகவே வைத்திருந்தது.

பொருட்களை அறை வாரியாக ஒதுக்காமல் வகை வாரியாக ஓரிடத்தில் குவித்துப் பார்க்கச் சொல்கிறார் ஜப்பானின் மேரி கோண்டோ. 2011-ல் வந்த அவருடைய புத்தகம் உலகமெங்கும் வீடுகளை ஒழுங்குபடுத்த வைத்தது. நமக்கு அதற்கென்று ஒரு நாளே உண்டு: போகி. அந்த நாளை எரிப்பதற்குப் பதில் எண்ணுவதற்கு வைத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள எல்லாப் பெட்ஷீட்டும் ஒரு கட்டில்மேல். எல்லா எவர்சில்வர் டப்பாவும் ஒரு மேசைமேல். எண்ணிக்கை தெரிந்த பிறகு தச்சரைக் கூப்பிட்டால் அலமாரியின் அளவு தானே வரும்.

புழங்கும் பொருளை மூன்றாகப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது. தினமும் எடுப்பது, இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையில். மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது, அதற்குக் கீழே. கொலுப் பொம்மைகள், கல்யாணப் பாத்திரங்கள் என்று வருடத்துக்கு ஒருமுறை எடுப்பவை பரணில். பரணில் ஏறும் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருப்பது என்ன என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டுவேலைக்கு உதவ வருபவரும் அதைப் படித்து எடுக்க முடியும். ஒழுங்கு ஒருவர் மண்டைக்குள் மட்டும் இருந்தால், அவர் ஊருக்குப் போன அன்றே வீடு கலைந்துவிடும்.

┌─ பெட்டிச் செய்தி: பட்டுப்புடவைக்கு ஓர் இடம் ─┐

• வார்ட்ரோப்பின் வழக்கமான ஆழம் 2 அடி. அது சட்டை மாட்டத் தோதான அளவு. மடித்த புடவைகளை அதில் அடுக்கினால் பின்வரிசை மறந்துபோகும். இழுக்கும் தட்டுகள் கேளுங்கள்.

• கனத்த ஜரிகைப் புடவையை ஹேங்கரில் நாட்கணக்கில் தொங்கவிட்டால் மடிப்பில் கிழியும். படுக்கவைப்பதே நல்லது.

• பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

• இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டையும் சென்டும் ஜரிகையில் படக் கூடாது.

• பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியில் பட்டு வேண்டாம். ஈரம் ஊறி வரும்.

└──────────┘

தண்ணீர் வந்து கேட்கும் கணக்கு

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் சென்னையில் ஏழை, பணக்காரர் பார்க்கவில்லை. தரைத்தளத்துச் சொகுசு வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. வடிந்தபின் பார்த்தால், அமுக்கிய மரநாரில் செய்த எம்டிஎஃப் கதவுகள் ரஸ்க் ஊறியது மாதிரி உப்பிக் கிடந்தன. கருங்கல்லும் ஆக்சைடு தரையும் கழுவினதும் பழையபடி ஆயின.

பெயர்பெற்ற பிராண்டு என்பதைவிட, பலகைக்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியம். அடுக்களை, பாத்ரூம் பக்கங்களில் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடுங்கள். அலமாரியைத் தரையோடு உட்காரவிடாமல் கால் வைத்து நான்கைந்து அங்குலம் உயர்த்துங்கள். பெருக்கித் துடைக்கவும் வசதி, கரையான் ஏறினாலும் கண்ணில் படும். பத்திரங்கள், சான்றிதழ்கள், பழைய புகைப்பட ஆல்பங்களை எந்த வீட்டிலும் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். செட்டிநாட்டு வீடுகள் உயரமான மேடைமேல் எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பீரத்துக்காக மட்டும் அவர்கள் படி ஏற்றிக் கட்டவில்லை.

┌─ பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள் ─┐

1. இந்தத் தரையைத் தினமும் துடைக்கப்போவது யார்? எதால்?

2. இரண்டு மாடி உயரத்தில் தொங்கும் அந்த விளக்கின் பல்பை மாற்ற ஏணி எங்கிருந்து வரும்?

3. ஊஞ்சல் கொக்கி கான்கிரீட் போடும்போதே பதிக்கப்படுமா?

4. ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடும் குழாய் ஒழுகினால் எங்கே திறப்பது?

5. பழைய மரம் எந்த ஊர் வீட்டிலிருந்து வருகிறது?

6. அறுபது வயதுக்குமேல் இந்தப் படிகளில் ஏற முடியுமா? தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை உண்டா?

7. வீட்டு உதவிக்கு வருபவர் உடைமாற்ற, உட்கார்ந்து சாப்பிட இடம் எங்கே?

└──────────┘

வீட்டுக்கு ஓர் ஏடு

நகரத்தார் கணக்கில் 'ஐந்தொகை' என்று ஒன்று உண்டு. வரவு, பற்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டி, கடை எந்த நிலையில் நிற்கிறது என்று காட்டும் ஏடு. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும் என்பது, இந்தக் கட்டுரைக்காக அலைந்த நாட்களில் நம் மனதில் உறுதிப்பட்ட ஆசை. எந்தச் சுவரில் எந்தப் பெயின்ட், அதன் எண் என்ன? தண்ணீர்க் குழாய் எந்த வழியில் ஓடுகிறது? தரைக்கல் எந்தக் கொட்டகையில் வாங்கியது, மிச்சக் கல் எந்தப் பெட்டியில் இருக்கிறது? பரணில் எத்தனை பெட்டி? செய்த ஆசாரி, பதித்த கொத்தனார், அவர்கள் பெயர் என்ன? இருபது வருடம் கழித்து அந்த வீட்டில் இருக்கப்போகிறவருக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

அந்தக் காலைக்குத் திரும்புவோம். லாரியில் நிலையைக் கட்டி முடித்ததும், சென்னைப் பெண் கடைக்குள் இன்னொரு முறை போனார். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பித்தளைத் தவலை அவருக்குப் பிடித்துவிட்டது. புரட்டிப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே சின்ன எழுத்துகளில் யாரோ ஒரு குடும்பத்தின் விலாசம் வெட்டியிருந்தது. விரலால் அதைத் தடவியபடி சிறிது நேரம் நின்றார். பிறகு கேட்டார்: "இது யார் வீட்டுதுங்க? அந்தக் கதவு எந்த ஊரு?"

தவலையின் வீடு கடைக்காரருக்குத் தெரியவில்லை. நிலை வந்த ஊர் தெரிந்திருந்தது. பில்லின் பின்பக்கம் ஊர்ப் பெயரையும் தெருவையும் எழுதிக் கொடுத்தார். அவர் அதை இரண்டாக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டார். புது வீட்டின் ஏட்டில் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாள் அது.